ஸ்லீவ் முடிந்து ஏழு வாரம்: ஒரு வேளைக்கு எவ்வளவுதான் போக வேண்டும்?

கேள்வி
மார்ச் 6, 2023

எடை குறைக்க இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம் நடக்கிறது. காலையில் தயிர் ஒரு கிண்ணம் முழுக்க இறங்குகிறது. மதியம் கோழி நாலு துண்டுக்கு மேல் போவதில்லை, நெஞ்சை அடைக்கிறது. ஒரு வேளைக்கு இத்தனை கிராம் என்று டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த தாளுக்கும் என் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை. வயிறு விரிந்துவிட்டதா, இல்லை இன்னும் சுருங்கிக்கொண்டே போகிறதா? உங்களுக்கெல்லாம் எவ்வளவு போகிறது? எப்போது எல்லோரையும் போலச் சாப்பிட ஆரம்பித்தீர்கள்?

மார்ச் 6, இரவு

விரியவும் இல்லை, சுருங்கவும் இல்லை. தயிர் நிற்காமல் இறங்கிவிடும், கோழி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். கிராம் கணக்கை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். நான் எடைக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவள், என் தம்பி ஸ்லீவ். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட அனுபவத்தில் சொல்கிறேன், அளவு தானாக வந்துவிடும், வேகம்தான் வராது.

மார்ச் 7

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கமாக ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய், 100 அல்லது 150 மி.லி. பிடிக்கும். பைபாஸில் இரைப்பையின் மேல்பக்கத்தை மட்டும் ஒரு பையாகப் பிரித்து நேரே சிறுகுடலோடு இணைப்பார்கள், அந்தப் பை இன்னும் சின்னது, 30 மி.லி. அளவுதான். ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு சாப்பாட்டை அளக்கவே முடியாது. மேலே போகப் போகக் கீழே காலியாகிக்கொண்டும் இருக்கிறது. திரவமும் குழைந்ததும் சீக்கிரம் காலியாகும், கெட்டியான புரதம் நின்று நிதானமாகத்தான் போகும். அதனால்தான் ஒரு கிண்ணம் தயிரும் நாலு துண்டு கோழியும் ஒரே நாளில் உங்களுக்கு நடக்கிறது. இரண்டுமே சரியான அளவுதான்.

அப்புறம், முதல் சில வாரங்கள் உள்ளே தையல் ஓரமெல்லாம் வீங்கியிருக்கும். வீக்கம் வடிய வடியக் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். அதைப் பார்த்து "ஐயோ, வயிறு விரிந்துவிட்டது" என்று பதறாதவர்களை நான் பார்த்ததே இல்லை. என் தம்பி சமையலறைத் தராசை மேஜையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நிறுத்த அளவு தட்டில் மிச்சம் இருக்கிறதே என்று கடைசி இரண்டு வாயைத் திணித்து, போய் வாந்தி எடுத்துவிட்டு வருவான். தாளில் 60 கிராம் என்று போட்டிருக்கிறதாம்.

மார்ச் 7, சற்று நேரம் கழித்து

தண்ணீரைப் பற்றி யாருமே கேட்க மாட்டேன் என்கிறீர்கள். முதல் இரண்டு மாதத்தில் சாப்பாட்டைவிட அதுதான் பெரிய பாடு. மடக் மடக்கென்று குடிக்கிற சுகம் போய்விடும், ஒவ்வொரு மிடறாகத்தான் இறங்கும், ஆனாலும் நாளுக்கு ஒன்றரை லிட்டராவது போயாக வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி நேரம் தள்ளித்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிஷம் சாப்பாடு, அப்புறம் அரை மணி நேரம் காத்திருப்பு, இப்படி நாளுக்கு நாலைந்து தரம். மிச்ச நேரத்தில்தான் தண்ணீர். விழித்திருக்கிற நேரமெல்லாம் கையில் பாட்டிலோடு திரிய வேண்டியிருக்கும். தலைச்சுற்றல், தலைவலி, அடர் மஞ்சளாகச் சிறுநீர் என்றால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால் தண்ணீரை யோசியுங்கள்.

மார்ச் 10

பதில் எழுதியிருக்கிறீர்கள்: "வாய்க்கும் வாய்க்கும் இடைவெளியா? அப்படியெல்லாம் பார்த்ததில்லை, பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன்." நினைத்தேன். நெஞ்சை அடைப்பது அளவால் இல்லை, அந்தப் பத்து நிமிஷத்தால்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முந்தைய நாள் சமைத்த கோழி, சூடு பண்ணியதில் நார் நாராகக் காய்ந்து போயிருந்தது. வேலைக்குக் கிளம்பும் அவசரம் வேறு. மூன்றாவது வாயில் சிக்கிக்கொண்டது. வலி என்று சொல்ல முடியாது, நெஞ்சுக்குழியில் ஓர் இறுக்கம், கூடவே வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. சாதாரண எச்சில் இல்லை, வெள்ளையாக, நுரையாக, துப்பத் துப்ப வந்துகொண்டே இருந்தது. உள்ளே அடைத்திருப்பதை வழுக்கிவிட உடம்பு சளியைச் சுரந்து தள்ளுகிறது, கீழே வழி இல்லாததால் அது மேலே வருகிறது. அந்த நேரத்தில் தண்ணீர் குடித்தால் தண்ணீரும் திரும்பி வரும். எழுந்து மெதுவாக நடப்பது, பொறுத்திருப்பது, இரண்டுதான் வழி. இறங்கினாலும் இறங்கும், வெளியே வந்தாலும் வரும். அன்றைக்கு மிச்ச நேரம் திரவம் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பல மணி நேரமாகியும் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

காய்ந்த இறைச்சி, மென்மையான புது ரொட்டி (மென்றால் மாவுப் பிண்டமாகிவிடும்), கெட்டியாகத் திரண்ட சோறு, நார்க் காய்கறிகள், இவைதான் வழக்கமாகச் சிக்குபவை. மீன், முட்டை, குழைய வேகவைத்த பருப்பு எல்லாம் சாதுவாகப் போய்விடும். ஆனால் ஒருத்தருக்கு முட்டை ஆகும், அடுத்தவருக்கு முட்டை வாடையே ஆகாது. இன்றைக்கு ஆகாதது மூன்று மாதம் கழித்து ஆகும், அதனால் எதையும் ஒரேயடியாகப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டாம்.

மார்ச் 10, இரவு

நிறைந்துவிட்டது என்பதற்குப் பழைய அடையாளத்தைத் தேடாதீர்கள். வயிறு கனப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். எனக்கு மூக்கு ஒழுகும். தம்பிக்கு விக்கல். ஒரே ஒரு தும்மல், அப்புறம் ஒரு வாய்கூட முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். சாப்பிடும்போது நீங்களே கவனித்துப் பாருங்கள், கடைசி ஒரு வாய்க்கு முந்தைய வாயில் உடம்பு ஏதோ ஒரு சைகை காட்டும். அலுவலகத்தில் என் மூக்கைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுச் சளி மாத்திரை கொடுத்தவர் உண்டு.

மார்ச் 19

"பசியே இல்லை, அதனால் ஒரு வேளையை விட்டுவிடுகிறேன், எடையும் நன்றாக இறங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை இப்போதே நிறுத்துங்கள்.

பசி இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. கிரெலின் என்று ஒரு ஹார்மோன், 1999ல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து கண்டுபிடித்தது. பசியைத் தூண்டுவது அதுதான். அது அதிகமாகச் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில், ஸ்லீவில் வெட்டுப்பட்டுப் போவதும் அந்தப் பகுதிதான். கூடவே, சாப்பாடு குடலுக்கு வேகமாகப் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1 மாதிரி "போதும்" என்று சொல்லும் ஹார்மோன்கள் தூக்கலாகச் சுரக்கின்றன. ஆக மணி அடிப்பவர் லீவில் இருக்கிறார். உடம்புக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போக வேண்டும். இறங்குகிற எடை கொழுப்பாக மட்டும் இறங்குவதில்லை, தசையும் சேர்ந்துதான் போகும். புரதம் குறைந்தால் தசை இன்னும் கூடுதலாகப் போகும். மாடிப்படி ஏறும்போது தொடை நடுங்குவதை "பலவீனம், ஆபரேஷன் ஆனதல்லவா" என்று தள்ளிவிடாதீர்கள். தட்டில் முதலில் புரதம், அப்புறம் காய், இடம் இருந்தால் சோறோ ரொட்டியோ. பாதி நாள் இடம் இருக்காது, பரவாயில்லை. முதல் மாதங்களில் பவுடர் கலக்காமல் 60 கிராமை எட்ட முடியாது. அந்தப் பவுடரின் வாசனையை நான் வெறுத்தேன், சில்லென்று குளிரவைத்துக் குடித்தால் மணம் தெரியாது.

மணி பார்த்துச் சாப்பிடுவது முதலில் அசிங்கமாகத் தோன்றும், நாமென்ன நோயாளியா என்று. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மார்ச் 19

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தப் புரதக் கணக்கு பொருந்தாது, அவர்கள் மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 2

யாரோ ஒருவர் இடையில் வந்து மூன்று நாலு நாளாகத் தினமும் இரண்டு மூன்று தரம் வாந்தி, "இதெல்லாம் சகஜம்தானே" என்று கேட்டிருக்கிறார். எப்போதாவது ஒருநாள் அவசரமாகச் சாப்பிட்டு வருவது வேறு. நாள்கணக்கில் வருவது சகஜம் இல்லை, இன்றைக்கே சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

காரணம் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் கேட்பீர்கள். வைட்டமின் பி1, தயமின், உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு இருக்காது. தொடர்ந்து வாந்தி, சரியாகச் சாப்பாடும் இல்லை என்றால் சீக்கிரம் தீர்ந்துபோகும். கால் மரத்துப் போவது, நடை தள்ளாடுவது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் என்று போய் மூளையில் நிரந்தரச் சேதம் வரை கொண்டுவிடும். இன்னொன்று, தயமின் குறைந்திருக்கும்போது வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் நிலைமை மோசமாகும், முதலில் தயமின் போட வேண்டும். ஊருக்கு வெளியே எங்காவது ஆபத்துக்கு ஓடும் மருத்துவமனையில் உங்கள் ஆபரேஷன் விவரம் அவர்களுக்குத் தெரியாது, நீங்களோ கூட வருபவரோதான் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருத்தருக்காவது இதைச் சொல்லி வையுங்கள்.

அதேபோல ஆபரேஷன் ஆன புதிதில் காய்ச்சல், நாடி படபடவென்று 120க்கு மேல் ஓடுவது, வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, இதில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். தையல் ஓரத்தில் கசிவு இருந்தால் இப்படித்தான் காட்டும்.

ஏப்ரல் 2

பயமுறுத்திவிட்டேனோ. பெரும்பாலானோருக்கு வாந்தி என்பது ஒரு வாய் அதிகம் போனதால்தான்.

ஏப்ரல் 23

நல்லது, இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது இப்போது, கோழி ஏழு துண்டு போகிறது என்கிறீர்கள். பார்த்தீர்களா.

அடுத்த கேள்வி, மற்றவர்களோடு சாப்பிடுவது. இதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. எல்லோரும் முடித்துக் கைகழுவி விட்டிருப்பார்கள், நாம் பாதித் தட்டை வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருப்போம். இல்லாவிட்டால் நாம் ஐந்து வாயில் முடித்துவிட்டு அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். "ஒன்றுமே சாப்பிடவில்லையே" என்ற பேச்சு ஒரு பக்கம், "இதைச் சாப்பிடலாமா நீ" என்று தட்டை எட்டிப் பார்ப்பது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஆளிடமிருந்து ஒரே வேளையில் வரும். சின்னத் தட்டு, சின்னக் கரண்டி உதவும். பேசிக்கொண்டே சாப்பிடுவது எல்லோருக்கும் நல்லது என்பார்கள், எனக்கு ஆகவில்லை, பேச்சு சுவாரசியத்தில் மெல்லாமல் விழுங்கிவிடுகிறேன். அதனால் விருந்துகளுக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன், அங்கே சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வருவேன். கையில் கோப்பை இருந்தால் யாரும் எதையும் நீட்ட மாட்டார்கள்.

ஆபரேஷன் என்று சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் இஷ்டம். நான் சொல்லிவிட்டேன். "குறுக்கு வழி" என்றார்கள். நாள் முழுக்க அலாரம் வைத்துத் தண்ணீர் குடிப்பதைக் குறுக்கு வழி என்று சொல்பவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பு கிடையாது.

ஜூன் 11

முடி. வரும் என்று காத்துக்கொண்டிருந்த கேள்வி. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொட்டும். ஆபரேஷனும் திடீர் எடைக் குறைவும் உடம்புக்கு ஓர் அதிர்ச்சி, நிறைய முடிவேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன, சில மாதம் கழித்துச் சேர்ந்தாற்போல உதிர்கின்றன. வேர் சாகவில்லை, திரும்ப முளைக்கும். வருஷம் தாண்டியும் கொட்டினால் இரும்பு, துத்தநாகம், புரதம் மூன்றையும் பாருங்கள்.

பயோட்டின் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாமா என்றால், அது குறைந்திருந்தால் ஒழிய பெரிய பிரயோசனம் இல்லை. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனையிலும் மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோபோனின் பரிசோதனையிலும் தப்பான முடிவு வரலாம். எடுத்துக்கொண்டிருந்தால் ரத்தம் எடுக்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள்.

ஜூன் 30

டம்பிங் பற்றி, அதாவது சாப்பிட்டது சிறுகுடலுக்குள் மொத்தமாகக் கொட்டுவதால் வரும் தொந்தரவு. என் தம்பி இது பைபாஸ்காரர்களின் தலைவலி என்று என்னைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தான், ஒரு நாள் ஐஸ்கிரீம் சாப்பிட்டு அவனுக்கும் வந்தது. ஸ்லீவில் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டு வகை. முதல் வகை சாப்பிட்ட பத்து முப்பது நிமிஷத்தில். சர்க்கரை செறிந்த கலவை சிறுகுடலுக்குள் மொத்தமாகக் கொட்டும்போது அதைக் கரைக்க ரத்தத்திலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படும். வியர்வை, படபடப்பு, வயிற்றைப் பிசைவது, கழிவறைக்கு ஓட்டம், அப்படியே படுத்துவிடலாம் போல ஒரு சோர்வு. இரண்டாம் வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து. ஏறிய சர்க்கரைக்கு உடம்பு இன்சுலினை அள்ளிக் கொட்டிவிட, சர்க்கரை சட்டென்று தாழ்ந்து நடுக்கமும் கண் இருட்டலும் வரும். இந்த இரண்டாம் வகை பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குப் பிறகு தலைகாட்டுகிறது, அதனால் ஆபரேஷனோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. மதியம் மூன்று மணிக்கு வண்டி ஓட்டும்போது எனக்கு வந்தது, ஓரமாக நிறுத்திவிட்டேன். அதிலிருந்து பழச்சாறு என்ற வஸ்துவைத் தொடுவதில்லை. பழமாகச் சாப்பிடுவேன், அதுவும் கொஞ்சம் கொட்டையோ பாலாடைக்கட்டியோ சேர்த்து.

இதை ஒட்டி இன்னொன்று. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு அது பெரிய டம்பிங்கைக் கிளப்பும். வீட்டிலேயே சில நாள் குத்திப் பார்த்து எழுதிக்கொண்டு போகிற வழி இருக்கிறது, முன்கூட்டியே கேளுங்கள். கர்ப்பத்தையே 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். எடை இறங்கியதும் கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடும், பைபாஸில் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். "எனக்குத்தான் மாதவிலக்கே ஒழுங்காக வராதே" என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 14

மாத்திரை டப்பா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கால்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரே தடவையில் 500, 600க்கு மேல் உடம்பு எடுத்துக்கொள்ளாது, பிரித்துப் பிரித்துத்தான் போட வேண்டும். சிட்ரேட் வகை வாங்குங்கள், அதற்கு வயிற்று அமிலம் தேவையில்லை. கார்பனேட் வகைக்குத் தேவை, நம்மிடம் அமிலம் குறைவு. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி. தைராய்டு மாத்திரை இருந்தால் இரண்டுக்கும் நாலு மணி நேரம் தள்ளி. பி12 தனி, டி தனி. எல்லாவற்றையும் ஒரு நாளில் அடுக்கிப் பார்த்தால் மிச்ச நேரத்தில்தான் வாழ்க்கை. ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், வருகிறவர்கள் ரயில் அட்டவணையா என்று கேட்கிறார்கள்.

பழைய மாத்திரைகளையும் பாருங்கள். எடை குறையக் குறைய ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அதே அளவில் போட்டுக்கொண்டிருந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும், சர்க்கரை தாழும். நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைகிற வகை மாத்திரைகள் நமக்குச் சரியாகக் கரையாமல் போகலாம், அதற்காகப் பொடித்துப் போடவும் கூடாது, வேறு வகைக்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

வலி மாத்திரை: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் பைபாஸ்காரர்களுக்குக் கூடாது, குடலை இணைத்த இடத்தில் புண் வரும், சிகரெட்டும் அப்படித்தான். ஸ்லீவுக்குச் சர்ஜனைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுவலிக்குப் பக்கத்து மேஜைக்காரர் அன்போடு நீட்டும் மாத்திரைதான் ஆபத்து. எந்த மாத்திரை என்று அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் விழுங்காதீர்கள்.

ஆகஸ்ட் 15

விலாவுக்குக் கீழே வலது பக்கம் சாப்பிட்ட பிறகு வலி என்று ஒருவர். பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், எடை வேகமாகக் குறையும்போது வரும். முதல் ஆறு மாதத்துக்கு அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை பலருக்குத் தருவது அதற்காகத்தான். ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

டிசம்பர் 3

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. எடை எண்ணைக் கொண்டாடி எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். குளிர்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்கும்போது நான் சால்வையோடு இருப்பேன். போர்த்தியிருந்த கொழுப்பு போய்விட்டது, உள்ளே எரிவதும் குறைந்துவிட்டது. உட்காரும்போது எலும்பு குத்துகிறது என்பதும் உண்மைதான், திண்டு வாங்குங்கள்.

கண்ணாடி விஷயம் அதைவிடச் சிக்கல். உடம்பு மாறிய வேகத்துக்கு மனம் மாறவில்லை. கடையில் இன்னும் பெரிய அளவு அடுக்குப் பக்கமே கால் போகிறது, இரண்டு நாற்காலிக்கு நடுவில் பக்கவாட்டாகத் திரும்பி நுழைகிறேன். கையிலும் வயிற்றிலும் தோல் தொங்குவதைப் பற்றி ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். உடற்பயிற்சி தசையைக் காப்பாற்றும், தோலை இழுத்துக் கட்டாது. மடிப்புகளில் ஈரம் தங்கிப் புண்ணாகாமல் துடைத்து உலர்த்திக்கொள்வது தினசரி வேலை. வெட்டி எடுக்கலாமா என்றால், எடை ஓரிடத்தில் நின்று பல மாதம் ஆன பிறகு யோசிக்கலாம்.

தம்பிக்கு இப்போது நெஞ்செரிச்சல். ஸ்லீவுக்குப் பிறகு எதுக்களிப்பது கூடுவது உண்டு. படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தியிருக்கிறான், இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளியிருக்கிறான், மாத்திரையும் போடுகிறான். நீடித்தால் உணவுக்குழாயை எண்டோஸ்கோப்பியில் பார்த்துவிட வேண்டும், எரிச்சல் அடங்கியிருந்தாலும்.

மே 26, 2024

"பசி திரும்பி வந்துவிட்டது, எல்லாம் போச்சா?" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

போகவில்லை. பசி பலருக்கும் இந்தக் கட்டத்தில் திரும்பும். ஆனால் போன வருஷம் மார்ச்சில் கிராம் கணக்கைத் தள்ளி வையுங்கள் என்று சொன்னவளே இப்போது தராசை எடுங்கள் என்கிறேன். அப்போது உங்களைத் தடுக்க வயிறு இருந்தது. இப்போது வீக்கமெல்லாம் வடிந்து, குழாய் பழகி, கொள்ளளவும் கொஞ்சம் கூடியிருக்கும். அதைவிட முக்கியம், எது வழுக்கிக்கொண்டு போகும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பிஸ்கட்டை டீயில் தோய்த்தால், சிப்ஸை மென்றுகொண்டே ஏதாவது குடித்தால், ஐஸ்கிரீம், சாக்லேட், எதுவுமே நிற்காது, நிறையாது, மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். ஏழாவது வாரத்தில் தயிர் இறங்கியதே, அதே வேலைதான். அப்போது அது உதவி, இப்போது அதுவே ஓட்டை.

ஸ்வீடனில் 1987ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள், ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2007ல் வெளியிட்ட முடிவில் பைபாஸ்காரர்களின் எடை முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் 32 சதவீதம் வரை இறங்கி, பத்து வருஷம் கழித்து 25 சதவீதக் குறைவில் நின்றிருந்தது. இரைப்பையைச் சுற்றிப் பட்டை கட்டிய ஆபரேஷனில் 20 சதவீதம் இறங்கி 14ல் நின்றது. ஸ்லீவ் அந்த ஆய்வில் இல்லை. நான் இதைச் சொல்வது எதற்கென்றால், அடிமட்டத்துக்குப் போன எண் கொஞ்சம் மேலே வருவதுதான் வழக்கம். இரண்டு மூன்று கிலோ ஏறியதற்கு அழ வேண்டாம். மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் மட்டும் உட்கார்ந்து பாருங்கள். பழைய வரிசை இருக்கிறதா, புரதம் முதலில் போகிறதா, தண்ணீர் தனியாகப் போகிறதா, இடையில் கொறிப்பது எவ்வளவு. பெரும்பாலும் கடைசிக் கேள்வியில் மாட்டுவோம். நான் அதில்தான் மாட்டினேன், சாயங்காலம் முந்திரி. கெட்டதா என்றால் இல்லை, கைப்பிடி எங்கே முடிகிறது என்பதுதான் தெரியவில்லை.

ஜூன் 2

அப்புறம், கொறிப்பது பசியாலா என்றும் பாருங்கள். சண்டைக்குப் பிறகு, இரவு தனியாக உட்கார்ந்திருக்கும்போது வருவது வயிற்றுப் பசி இல்லை. அதை வெட்டி எடுக்க எந்த சர்ஜனாலும் முடியாது. பழைய நாளில் சாப்பாட்டால் ஆற்றிக்கொண்டதை இப்போது எதால் ஆற்றுவது என்று தெரியாமல் தவித்த காலம் எனக்கு இருந்தது, உளவியல் ஆலோசகரிடம் போனேன், உதவியது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மதுவைப் பற்றிக் கேட்டவருக்கும் இங்கேயே. ஒரு கோப்பையே இப்போது வேகமாக ரத்தத்தில் ஏறும், அதிக நேரம் நிற்கும், வண்டி ஓட்டுவதை மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2012ல் வெளியிட்ட ஆய்வில், மதுப் பிரச்சினை இருந்தவர்கள் ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம், முதல் வருஷம் ஏறக்குறைய அதேதான், இரண்டாம் வருஷம் 9.6. முதல் வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தில் இருப்பவர்கள் அந்தக் கடைசி எண்ணைப் பார்க்கவும்.

செப்டம்பர் 8, 2024

ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பட்டியலாகப் போட்டு "எல்லாம் நார்மல், இனி மாத்திரை வேண்டாம்தானே" என்கிறீர்கள். மாத்திரை போடுவதால்தான் நார்மல். நிறுத்தக் கூடாது, வருஷா வருஷம் பரிசோதனையும் உண்டு.

பட்டியலில் இரண்டு விஷயம் இல்லை. ஹீமோகுளோபின் இருக்கிறது, ஃபெரிட்டின் இல்லை. உடம்பில் இரும்பு இருப்பு கரைவது முதலில் ஃபெரிட்டினில்தான் தெரியும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் விழும். அதேபோல கால்சியம் பார்த்திருக்கிறார்கள், பாராதைராய்டு ஹார்மோன் பார்க்கவில்லை. சாப்பாட்டில் கால்சியம் போதாமல் போனால் அந்த ஹார்மோன் ஏறி எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தை நிரப்பிவிடும், ரிப்போர்ட்டில் கால்சியம் அழகாக நார்மல் என்று வரும், எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும். அடுத்த முறை சீட்டு எழுதும்போதே பிடிஎச் (அந்தப் பாராதைராய்டு ஹார்மோன்தான்), வைட்டமின் டி, ஃபெரிட்டின் மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். டி குறைவாக வந்தால் அளவை ஏற்றி மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள், எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.